பதினைந்து விநாடி

ஐந்து விநாடிக்கு ஒருமுறை
ஒவ்வொரு சர்வரும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.
மூன்று முறை சொல்லாவிட்டால்
செத்ததாக வைத்துக்கொள்வோம்.
எழுதியவள் நான்தான்,
சோழிங்கநல்லூரில், நாலாவது மாடியில்,
ஆறிப்போன பருப்புவடையோடு,
இருபத்தாறு வயதில்.

பதினைந்து ஏன், இருபது ஏன் இல்லை என்று
நிகேத் கேட்டான்.
பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.
செத்தவனும் தாமதிக்கிறவனும்
தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான்.
அதற்கு மேல் ஒரு சூத்திரமும் கிடையாது எங்கள் தொழிலில்.
எங்கேயாவது கோடு கிழிக்க வேண்டும். கிழித்தேன்.

அந்தக் கோட்டின் மேல் என்னென்னவோ ஏறி உட்கார்ந்தன.
மூன்று மெஷின் முப்பதாகி,
முப்பது நாலாயிரமாகி,
மும்பையில் ஒரு கூடம், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு கூடம்.
லிமாவில் யாரோ செருப்பு வாங்க
என் பதினைந்து விநாடி காவல் நின்றது.
கம்பெனி இரண்டு தடவை கைமாறியது.
என் மேஜை கொக்கிரகுளத்துக்கு வந்தது,
கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், தரைத்தளம்,
ஆறு கூப்பிடு தூரம்.
வாடகை குறைவு.
ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை
மறுநாளும் விடவில்லை.
அந்த வாரம் ஆன்-கால் என் முறை.
"அணையத் தொறந்துட்டானாம், ஏறுங்க, ஏறுங்க" என்று
கத்திக்கொண்டே இறங்கி வந்தாள் மாடிவீட்டு சகாயமேரி.
லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.
ரூட்டரை விட்டுவிட்டேன்.
யூபிஎஸ் சாகும்வரை
தண்ணீருக்கு ஒரு சாண் மேலே
அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடியில் பதினோரு பேர்,
ஒரு கேஸ் அடுப்பு,
யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஓர் ஆடு.
டவர் இல்லை.
எங்கேயோ ஓர் எச்சரிக்கை
எப்சிபா, எப்சிபா என்று என்னை எழுப்பிப் பார்த்திருக்கும்.
பிறகு அடுத்த பெயருக்குப் போயிருக்கும்.
அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில்
லைன்மேன் கோயில்பிச்சை வந்தார்.
"மேட்டுல ஒரு எடத்துல சிக்னல் கெடக்கு.
யாருக்குச் சொல்லணுமோ நம்பரச் சொல்லுங்க."
பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு பள்ளிக்கூட நோட்டு,
தெருத்தெருவாக எண்கள்.
ஒவ்வோர் எண்ணுக்கு எதிரிலும் ஒரே வார்த்தை:
இருக்காங்க.
நான் நாசரேத்து அக்கா நம்பரைச் சொன்னேன்.
கம்பெனி நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.
"போன் போடுதேன், எடுக்கலன்னா திரும்பப் போடுதேன்" என்றார்.
எத்தனை தடவை என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் உள்ளே நுழைந்தேன்.
அனுமதி இல்லை என்றது.
போனவர் திரும்பி வந்து
பழைய அதிகாரத்தில் எதையும் எழுதிவிடக் கூடாது.
அதுவும் என் விதிதான், நல்ல விதி.
லாகைப் பிறகு மாரெக் அனுப்பி வைத்தான்:
இரவு இரண்டு பதினொன்றுக்கு என் பெயர் நீக்கம்,
இரண்டு பன்னிரண்டுக்கு அவன் பெயர்.
ஓர் ஆர்டர்கூடத் தவறவில்லை.
இரண்டு முறை படித்தேன்.
முதல் முறை பெருமையாக இருந்தது.

அக்கா போனில் ஒன்றும் கேட்கவில்லை.
கோயில்பிச்சை பேசியது நாலாம் நாள்தானாம்.
மூன்று நாளும் ராத்திரி எனக்கும் சேர்த்து
உலையில் அரிசி போட்டிருக்கிறாள்.

பதினைந்தை நான் மாற்றவில்லை.
மாற்றினால் லிமாவில் செருப்பு தாமதமாகும்.

ஆட்டைத் தேடி ஒருவரும் வரவில்லை.
இன்னமும் எங்கள் மாடியில்தான்.
சில நாள் ஐந்து விநாடிக்கு ஒரு கத்தல்,
சில நாள் விடிந்து அடையும்வரை சத்தமே இல்லை.
போய்ப் பார்த்தால் இருக்கும்.